உழைப்பைப் பெறுகிறவர்களே காப்பையும் தர வேண்டும்

14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறமாக அமைந்த எங்கள் அடி அண்ணாமலையை, வெளியூர் அன்பர்கள் ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்தைக் கொண்டும், திருவெம்பாவையோடு சம்பந்தப்படுத்திப் போற்றப்படும் மாணிக்கவாசகர் கோயிலைக் கொண்டும் அறிந்திருப்பார்கள். மார்கழி விடியலில் கன்னிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி துயிலெழுப்புவதாக அமைந்த பாடல்கள் அவை. மார்கழி என்றில்லாமல் வருஷம் முழுவதும், அதே இருட்டில் எழுந்து, நீராடி, வெள்ளை உடுப்பை மடிப்புக் கலையாமல் அணிந்து, காலை டியூட்டிக்குப் பஸ் பிடிக்கும் பெண்களும் இவ்வூரில் உண்டு. அவர்கள் நர்சிங் கல்லூரி மாணவிகள். பிறருடைய நோயைத் தணிப்பதற்காகப் பயிலும் இப்பெண்களுக்கு, அந்தப் பயிற்சியின் காரணமாகவே ஒரு காயமோ வியாதியோ நேருமானால், அதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நம் நாட்டில் இன்னும் திட்டமான விடை இல்லை. என் அபிப்பிராயத்தில் விடை ஒன்றுதான்: மாணவியின் உழைப்பை எந்த ஸ்தாபனம் பெறுகிறதோ, அந்த ஸ்தாபனமே அவளுடைய இன்ஷூரன்சுக்கும் பொறுப்பாளி, பிரீமியத்தை அவளுடைய தகப்பனார் தலையில் கட்டுவது நியாயமன்று.

‘படிப்புத்தானே’ என்று சொல்கிறவர்கள், அந்தப் படிப்பில் வேலையின் பங்கு எவ்வளவு என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து, 2021-இல் அரசிதழில் வெளியான பி.எஸ்சி. நர்சிங் விதிகளின்படி, எட்டுப் பருவங்கள் கொண்ட நான்காண்டுப் படிப்பின் கடைசிப் பருவத்தில் 22 வாரங்கள் இன்டர்ன்ஷிப் உண்டு. வாரத்துக்கு 48 மணி நேரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வயது வந்த தொழிலாளியின் சாதாரண வேலைநேரத்துக்கு விதித்த வார உச்சவரம்பும் இதே 48 மணிதான். ஆலைத் தொழிலாளிக்கு எவ்வளவு நேரம் அதிகபட்சமோ அவ்வளவு நேரம் வார்டில் நிற்கும் ஒரு பெண்ணை, சம்பளம் என்ற பேச்சு வரும்போதும் நஷ்டஈடு என்ற பேச்சு வரும்போதும் ‘இவள் மாணவி’ என்று ஒதுக்கி நிறுத்துகிறோம்; படுக்கை விரிப்பை மாற்றவும், நோயாளியைத் தூக்கிப் புரட்டவும், ரத்தம் எடுக்கவும் ஆள் வேண்டியிருக்கும்போது மட்டும் அவளையும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறோம்.

அந்த வார்டில் அபாயம் எப்படி வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். விடியற்காலை ஊசி போடும் நேரம். நோயாளி வலியில் கையை உதறுகிறார். இரண்டாம் ஆண்டுப் பெண்ணின் விரல் இன்னும் பழக்கப்படவில்லை. உருவி எடுத்த ஊசி, சுவரோரம் இருக்கும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போய்ச் சேருவதற்குள், கையுறையைத் துளைத்துக்கொண்டு அவள் கட்டைவிரலில் இறங்கிவிடுகிறது. கையுறைக்குள் ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ்-பி இருந்து, இவள் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவளாகவும் இருந்தால், நோய் தொற்றுவதற்கான சாத்தியம் நூற்றுக்கு 6 முதல் 30 வரை என்று வைத்திய நூல்கள் கணக்கிடுகின்றன, எச்.ஐ.வி. ஆனால் ஆயிரத்துக்கு 3 என்ற அளவு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே, தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும், ‘ஊசி குத்திவிட்டது’ என்று வார்டு சிஸ்டரிடம் சொன்னால் திட்டு விழுமே, ரத்தப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களே என்ற பயங்களால் விரலைக் கழுவிவிட்டு மௌனமாக இருந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். செலவுக்குப் பொறுப்பாளி யாரென்று முன்கூட்டியே நிர்ணயமாகியிருந்தால், அந்த மௌனத்தில் பாதி கலைந்துவிடும்.

ஊசியாவது கண்ணுக்குத் தெரியும் அபாயம். காற்றில் வருவது தெரிவதில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து வேலூரில், 1946-இலேயே பட்டப்படிப்பாக நர்சிங் கல்வியைத் தொடங்கிய பெருமையுடைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், தங்கள் நர்சிங் மாணவிகளையே பரிசோதித்து, 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவிகளுக்குப் புதிதாகக் காசநோய்க் கிருமி தொற்றும் விகிதம் ஆண்டுக்கு நூற்றுக்கு 7.8 என்று அதில் கண்டார்கள். பொதுஜனங்களிடையே அப்போது மதிப்பிடப்பட்டிருந்த விகிதமோ 1.5. அதாவது, வார்டுக்குள் காலடி வைத்த காரணத்தால் மட்டுமே அப்பெண்களின் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிவிட்டது. தன் வீட்டுக் குறையைத் தானே அளந்து உலகத்துக்குச் சொன்ன அந்த ஸ்தாபனத்தின் நேர்மை வணக்கத்துக்குரியது. அளக்காத இடங்களில் நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

காசநோய்க்கு அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறதே, பிறகு இன்ஷூரன்ஸ் எதற்கு என்று கேட்கலாம். மருந்துச் செலவு இவ்விஷயத்தில் சிறு பகுதியே. கவுன்சிலின் விதிப்படி, ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 80 வருகை போதும். ஆனால் பட்டம் பெறுவதற்கு முன், வார்டுப் பயிற்சியில் ஒரு மணி நேரமும் குறையாமல் முழுவதையும் ஈடுசெய்தாக வேண்டும். இரண்டு மாதம் படுத்துவிட்ட பெண், அந்த இரண்டு மாத போஸ்டிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ஹாஸ்டல் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, தவறிய பரீட்சைக்கு மறுகட்டணம், கல்விக்கடன் வாங்கியிருந்தால் அதன் மேல் ஏறும் வட்டி, வேலைக்குப் போக வேண்டிய மாதங்களில் இழந்த சம்பளம் எல்லாம் அக்குடும்பத்தின் மேல் வந்து விழுகின்றன. ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு மட்டும் பணம் தரும் பாலிசி இவற்றில் ஒன்றையும் தொடுவதில்லை.

இருக்கிற காப்புகள்தான் யாருக்கு எட்டுகின்றன? தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கி, 2012-இல் புது உருவம் பெற்ற முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவுகிறது. ஏழைகளின் பாரத்தைப் பெருமளவு குறைத்த திட்டம் அது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டவணையில் கண்ட சிகிச்சைகளுக்கே அது பொருந்தும். ஊசி குத்திய விரலுக்கு வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் தொடர் பரிசோதனைகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்பவை. ஈ.எஸ்.ஐ. திட்டம், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் தொழிலாளியின் மணமாகாத மகளுக்கு வைத்தியம் தருகிறது. ஆனால் தகப்பனார் அத்திட்டத்துக்கு உட்பட்ட ஸ்தாபனத்தில் வேலை பார்க்க வேண்டும். கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டி மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறவர் முதல் திட்டத்துக்குப் பணக்காரர். இரண்டாவது திட்டத்துக்கோ அவர் தொழிலாளியே அல்லர். மல்லாட்டை போட்டு, மழையை நம்பி, நல்ல வருஷத்தில் வரம்பைச் சற்றுத் தாண்டிவிடும் விவசாயியின் கதியும் அதுவே. நர்சிங் படிக்கப் பெண்ணை அனுப்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன.

எங்கள் தெருவில், பௌர்ணமி தோறும் கிரிவலம் வருகிறவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கும் ஒருவர், தம் மகளுடைய கல்லூரிக் கட்டணச் சீட்டை ஒரு நாள் மாலை என்னிடம் கொண்டுவந்தார். சீட்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பயிற்சிக் கட்டணம், நூலகம், ஆய்வகம், சீருடை, பல்கலைக்கழகப் பதிவு, பஸ் என்று ஒவ்வொரு வரியாக நான் படித்துச் சொல்லிக்கொண்டே வர, ‘இன்ஷூரன்ஸ்’ என்ற வரி வந்ததும் அவர் என்னை நிறுத்தினார். “ஐயா, இது வருஷா வருஷம் கட்டறேன். ஆனா ஒரு காகிதம்கூட கைக்கு வரலீங்க. பாப்பாவுக்குப் போன வருஷம் ஜுரம் வந்து அஞ்சு நாள் கெடந்தப்போ கேட்டேன். அதுக்கெல்லாம் வராதுன்னு சொல்லிட்டாங்க. எதுக்குத்தாங்க வரும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை, சீட்டிலும் இல்லை. எந்தக் கம்பெனியின் பாலிசி, எவ்வளவு தொகைக்கு, எந்தெந்த ஆபத்துக்கு என்ற விவரம் எதுவுமின்றி, கட்டணத்தின் ஓர் உறுப்பாக மட்டும் அந்த வரி இருந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் அரசாங்கம் அந்தப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. அந்தப் பணம் சீருடைக்கும் பஸ்ஸுக்கும் போய், இம்மாதிரி விளக்கமற்ற வரிகளுக்கும் போய்த் தீர்ந்துவிடுகிறது.

அந்தச் செலவு மாணவியைச் சேர்ந்ததுதானா? இந்திய நர்சிங் கவுன்சில் கல்லூரிகளுக்கு வகுத்த நெறிமுறைகளில், மாணவர் ஆரோக்கியம் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனை, டெட்டனசுக்கும் ஹெபடைடிஸ்-பி நோய்க்கும் தடுப்பூசி, ஒவ்வொரு மாணவருக்கும் உடல்நலப் பதிவேடு ஆகியவற்றோடு, நோயுற்ற காலத்தில் இலவச வைத்தியமோ காப்பீட்டு ஏற்பாடோ செய்யப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. நூலகமும் ஆய்வகமும் கல்லூரி அமைத்துத் தர வேண்டியவை என்று எந்த ஏட்டில் இருக்கிறதோ, அதே ஏட்டில்தான் இதுவும் இருக்கிறது. இலவச வைத்தியத்துக்குச் சமமாக வைத்துப் பேசப்பட்ட காப்பீடு, மாணவியே விலை கொடுத்து வாங்க வேண்டிய பண்டமாக எப்படி இருக்க முடியும்? ஆனால் பிரீமியத்தைச் செலுத்த வேண்டியவர் இன்னார் என்ற ஒரு சொல் அந்த விதியில் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாத வழியாகத்தான் பாரம் இளநீர்க் கடைக்கு வந்து சேர்கிறது.

‘மாணவி தொழிலாளி அல்லளே, சட்டம் எப்படி அவளுக்கு நஷ்டஈடு தரும்?’ என்று ஆட்சேபிப்பவர்கள், 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தொழில் பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுகிறவரே என்று அச்சட்டமே திட்டவட்டமாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு, அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பயிற்சியின்போது, பயிற்சியின் காரணமாக அவருக்குக் காயம் நேர்ந்தால், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தை அனுசரித்து முதலாளி ஈடு தர வேண்டும் என்று விதிக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து லேத்துப் பட்டறையில் பழகும் பையனின் விரல் நசுங்கினால் சட்டம் அவன் பக்கம் நிற்கிறது. நர்சிங் கல்லூரியில் பயிலும் அவனுடைய தங்கையின் விரலில் ஊசி ஏறினால் அந்தச் சட்டம் திரும்பிப் பார்ப்பதில்லை. பயில்கிறவரையும் காக்கலாம் என்ற கொள்கையை நாம் 60 ஆண்டுகளுக்கு முன்பே அங்கீகரித்துவிட்டோம். பெண்கள் மிகுதியாக உள்ள ஒரு பயிற்சிக்கு மட்டும் அதை நீட்டாமல் விட்டிருக்கிறோம்.

புதிய வகை உழைப்புக்குச் சட்டம் இடங்கொடாது என்றும் சொல்ல முடியாது. கைப்பேசிச் செயலி வழியாக உணவு கொண்டுவந்து தரும் இளைஞர்கள் எந்த முதலாளிக்கும் வேலைக்காரர்கள் அல்லர் என்று வாதிக்கப்பட்டது. ஆயினும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தது. தமிழ்நாடு அரசும் 2023-இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில், நோயாளிகளைக் கவனித்த சுகாதாரப் பணியாளர்களுக்கு மத்திய அரசு 50 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு அறிவித்தது; தனியார் மருத்துவமனை ஊழியர்களும் அதில் இடம்பெற முடிந்தது. பயம் வந்தபோது செய்ய முடிந்ததை, பயம் நீங்கிய பின்பும் நியாயத்தின் பேரில் செய்ய முடியும்.

நம் பெண்கள் நாளைக்குப் போய்ச் சேரும் தேசங்களில் நிலைமை எப்படி? தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நம் நர்சுகளுக்கு ஜெர்மன் மொழி கற்பித்து ஜெர்மனிக்கு அனுப்பிவருகிறது. அந்நாட்டில், 1971 முதல், பள்ளிப் பிள்ளைகள் உட்பட மாணவர்களுக்கும் அரசுச் சட்டப்படியான விபத்துக் காப்பு உண்டு. மாணவர் அதற்குத் தவணை கட்டுவதில்லை. நர்சிங் பயில்பவர் அங்கே பயிற்சி ஒப்பந்தத்தின் மேல் மாதச் சம்பளம் பெறுகிறார். மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் ஒரு பங்கைப் பயிற்சி தரும் ஸ்தாபனமே செலுத்துகிறது. எல்லாத் தேசமும் அப்படியல்ல. பிரிட்டனுக்கு மருத்துவப் பணியாளர் விசாவில் போகும் நர்சுக்குச் சுகாதார மேல்வரி விலக்கு உண்டு. அங்கே படிக்கப் போகும் மாணவியோ 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு கட்ட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகும் மாணவர், தம் செலவில் மருத்துவக் காப்பீடு எடுத்தாலன்றி விசாவே பெற முடியாது. இரண்டு வழிகளும் கண்முன் இருக்கின்றன. நமக்கு முன்மாதிரியாக வேண்டியது ஜெர்மனியின் வழி.

கல்லூரி நடத்துகிறவர்களின் கஷ்டத்தையும் பேசியாக வேண்டும். சிறு ஊர்களில் உள்ள கல்லூரிகள் பல, கட்டண பாக்கியோடும் உதவித்தொகை தாமதத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அறுபது மாணவிகளுக்குத் தனியாகப் பாலிசி கேட்டால் கம்பெனி சொல்லும் விலை அவர்களுக்கு மலைப்பாகவே இருக்கும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். காப்பீட்டின் தத்துவமே, ஆபத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால் தலைக்கு வரும் பாரம் குறைகிறது என்பதுதான். பிரதம மந்திரியின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில், தேசம் முழுவதும் சேர்ந்துகொண்ட காரணத்தால், ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க் காப்புக் கிடைக்கிறது. அந்தத் திட்டம் விபத்து மரணத்துக்கும் உடல் ஊனத்துக்கும் மட்டுமே உரியது. வார்டில் தொற்றிய மஞ்சள் காமாலைக்கு உதவாது. எனினும் கூட்டத்தின் பலம் எவ்வளவு என்பதை அந்த 20 ரூபாய் காட்டுகிறது. தமிழ்நாட்டு நர்சிங் மாணவர் அனைவரையும், அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, மூன்றாண்டு டிப்ளமோ, நான்காண்டுப் பட்டம் என்ற பேதமின்றி, ஒரே பாலிசியின் கீழ் கொண்டுவந்தால், எந்தக் கல்லூரியும் தாங்க முடியாத தொகை தலைக்கு வராது.

ஆகவே நான் வேண்டுவன இவை. முதலாவதாக, நர்சிங் கவுன்சில் தன் நெறிமுறையில் ‘மாணவரிடம் வசூலிக்காமல், ஸ்தாபனத்தின் செலவில்’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இணைப்புக்காகக் கல்லூரியைப் பார்வையிடும்போது, கட்டடத்தையும் நூலகத்தையும் பார்ப்பதுபோலப் பாலிசியையும் வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, மாநில அரசு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாக, கல்லூரியும் பயிற்சி தரும் மருத்துவமனையும் தவணையைப் பங்கிட்டுச் செலுத்தும் பொதுப் பாலிசியை உண்டாக்கி, அரசுக் கல்லூரிகளின் பங்கைத் தானே செலுத்தி வழிகாட்ட வேண்டும். மூன்றாவதாக, பயிற்சியால் வந்த காயம், தொற்று இரண்டையும், வெளிநோயாளிப் பரிசோதனைகளையும், நோயால் நீடித்த படிப்புக் காலத்தின் செலவையும் அந்தப் பாலிசி ஏற்க வேண்டும். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்கு உட்படுத்திய பிறகு, மருத்துவமனைகள் எடுத்துவைக்கும் பொறுப்புக் காப்பீட்டிலும், மேற்பார்வையில் வேலை செய்யும் மாணவியின் பெயர் அடங்க வேண்டும்.

இன்னொன்று காப்பீட்டுக்கும் முந்தியது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனையும் மருத்துவமனையின் கடமை என்கின்றன. அந்த ‘மற்றவர்களில்’ நர்சிங் மாணவி நிச்சயமாக அடங்குவாள். ஆறு மாதத்தில் மூன்று தவணையாகப் போட வேண்டிய அந்த ஊசியை, முதலாண்டிலேயே, முதல் போஸ்டிங்குக்கு முன்பே தொடங்கிவிட்டால், பின்னால் கிளெய்ம் எழுத வேண்டிய துர்ப்பாக்கியமே பலருக்கு வராது.

அரசாங்கமும் கவுன்சிலும் அசையும் வரை பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மகளைச் சேர்க்கப் போகும் அன்றே பாலிசியின் நகலைக் கேளுங்கள். தொகை எவ்வளவு, ஊசி குத்தினால் பரிசோதனைக்கு யார் பணம் தருவார்கள், தடுப்பூசி எப்போது போடப்படும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்று வற்புறுத்துங்கள். ஒருவர் கேட்டால் ‘அதெல்லாம் பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வகுப்பின் பெற்றோர் அத்தனை பேரும் கேட்டால் அலுவலகத்தில் கோப்பைத் திறந்தே தீர வேண்டும். கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் இம்மலையைச் சுற்றி வரும் லட்சக்கணக்கான ஜனங்களில் எவர் மயங்கி விழுந்தாலும் தாங்கிப் பிடிக்கும் கைகள் இந்தப் பெண்களின் கைகள்தாம். நாளைக்கு அந்தக் கைகளை நம்பியிருக்கப்போகும் நாம் ஒவ்வொருவரும், வீட்டில் நர்சிங் படிக்கும் பெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தக் கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.